வாக்-ஆன் வீரர்களுக்கு இடமில்லையா? அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 'ரோஸ்டர் லிமிட்' விவகாரமும் பெண்களுக்கான சம உரிமையும்!

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 2025-26 கல்வியாண்டு முதல் புதிய விதி ஒன்று நடைமுறைக்கு வந்துள்ளது. ஒவ்வொரு விளையாட்டிலும் அணியில் இத்தனை பேர்தான் இருக்க வேண்டும் என்பதே அந்த உச்சவரம்பு. உதவித்தொகை இல்லாமல் அணியில் சேரும் மாணவர்களை இது நேரடியாகப் பாதிக்கிறது. அதே நேரத்தில், ஆண்களுக்கும் பெண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும் என்ற 50 ஆண்டுகளைக் கடந்த சட்டமும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது. இது என்ன பிரச்னை? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த 'வாக்-ஆன்'?

அமெரிக்கக் கல்லூரிகள் திறமையான மாணவர்களைத் தேடிப் பிடித்து, விளையாட்டு உதவித்தொகை கொடுத்துச் சேர்த்துக்கொள்ளும். அந்த உதவித்தொகை இல்லாமலேயே அணியில் சேர்ந்து பயிற்சி எடுப்பவர்கள்தான் வாக்-ஆன். சிலரைப் பயிற்சியாளரே 'வா' என்று அழைத்திருப்பார். சிலர் தேர்வு முகாமில் கலந்துகொண்டு இடம் பிடிப்பார்கள்.

பயிற்சியில் எதிரணி மாதிரி ஆடிக்காட்டுவதுதான் இவர்களில் பலருடைய வேலை. ஆனால் இவர்களை லேசாக எடைபோட முடியாது. அமெரிக்க ஃபுட்பாலின் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை 2017-ல் வென்ற பேக்கர் மேஃபீல்டு, கல்லூரி அணிக்குள் வாக்-ஆனாக நுழைந்தவர்தான். பிரபல வீரர் ஜே.ஜே.வாட்டும் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வாக்-ஆனாகச் சேர்ந்தவரே.

என்ன மாறியது?

முன்னாள் நீச்சல் வீரர் கிராண்ட் ஹவுஸ் உள்ளிட்டோர், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. மீது 2020-ல் வழக்குத் தொடர்ந்தனர். இதில் ஏற்பட்ட சமரசத்துக்கு நீதிபதி கிளாடியா வில்கன் 2025 ஜூன் 6-ம் தேதி ஒப்புதல் அளித்தார்.

அதன் முக்கிய அம்சங்கள்:

* கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.
* முன்பு விளையாடியவர்களுக்கு சுமார் 280 கோடி டாலர் இழப்பீடு, 10 ஆண்டுகளில் வழங்கப்படும்.
* உதவித்தொகை எண்ணிக்கைக்கு இருந்த கட்டுப்பாடு நீங்கி, அணியின் மொத்த எண்ணிக்கைக்குக் கட்டுப்பாடு வந்தது.

மூன்றாவது அம்சம்தான் இங்கே சிக்கல். ஃபுட்பாலில் முன்பு 85 பேருக்கு மட்டுமே உதவித்தொகை தரலாம். ஆனால் வாக்-ஆன்களையும் சேர்த்து 120 பேர், அதற்கு மேலும்கூட வைத்திருந்த அணிகள் உண்டு. இப்போது மொத்தமே 105 பேர்தான். அந்த 105 பேருக்கும் உதவித்தொகை கொடுக்கலாம். பேஸ்பாலுக்கு 34, சாஃப்ட்பாலுக்கு 25 என ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஓர் எண் இருக்கிறது. சமரசத்தில் இணைந்த கல்லூரிகளுக்கு மட்டுமே இது பொருந்தும்.

'டைட்டில் நைன்' என்ன சொல்கிறது?

மத்திய அரசின் நிதி பெறும் கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாடு கூடாது என்று 1972-ல் வந்த சட்டம்தான் டைட்டில் நைன். விளையாட்டில் இதை எப்படிப் பின்பற்றுவது என்று 1979-ல் அரசு விளக்கம் கொடுத்தது. கல்லூரிகள் மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றைக் காட்டினால் போதும்.

1. மாணவர் எண்ணிக்கையில் பெண்களின் பங்கு எவ்வளவோ, விளையாடுபவர்களிலும் ஏறக்குறைய அவ்வளவு பங்கு இருக்க வேண்டும்.
2. பெண்களுக்கான விளையாட்டுகளைத் தொடர்ந்து விரிவுபடுத்தி வந்திருக்க வேண்டும்.
3. பெண்களின் ஆர்வத்துக்கும் திறமைக்கும் முழுமையாக இடம் கொடுத்திருக்க வேண்டும்.

முதல் வழியில் எண்ணப்படுவது உதவித்தொகை இல்லை, ஆட்கள். அதாவது ஒரு வாக்-ஆனும் ஒருவர்தான், முழு உதவித்தொகை பெறும் நட்சத்திர வீரரும் ஒருவர்தான். ஃபுட்பாலுக்கு இணையாக இத்தனை பேர் சேரும் பெண்கள் விளையாட்டு எதுவும் இல்லாததால், ஆண்கள் பக்கம் எண்ணிக்கை கூடிவிடுகிறது. பல கல்லூரிகள் பெண்கள் படகோட்டத்தில் பெரிய அணிகளை வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கணக்கு எப்படி வேலை செய்யுது?

ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கல்லூரியில் 55 சதவிகிதம் பெண்கள். விளையாடுபவர்கள் 500 பேர். ஆண்கள் 250, பெண்கள் 250. பெண்களின் பங்கு 50 சதவிகிதம்தான். 5 சதவிகிதப் புள்ளிகள் குறைகின்றன.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகள் இருக்கு. ஒன்று, புதிதாக 56 பெண்களுக்கு வாய்ப்பு கொடுப்பது. அதற்குப் பயிற்சியாளர், மைதானம், பயணச் செலவு எல்லாம் வேண்டும். இன்னொன்று, 50 ஆண் வாக்-ஆன்களை நீக்குவது. அப்போது 450 பேரில் 250 பேர் பெண்கள், அதாவது 55.6 சதவிகிதம். கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் ஒரு பெண்ணுக்குக்கூட புது வாய்ப்பு கிடைக்கவில்லை!

'டைட்டில் நைனால்தான் எங்கள் இடம் போச்சு' என்று ஆண்கள் தரப்பில் சொல்லப்படுவது இதனால்தான். ஆனால் ஆண்களைக் குறைக்கச் சொல்லி சட்டம் எங்கும் சொல்லவில்லை. செலவில்லாத வழியைத் தேர்ந்தெடுப்பது கல்லூரி நிர்வாகம்தான்.

எண்ணிக்கையில் ஏமாற்ற முடியுமா?

முயற்சி நடந்திருக்கிறது. கனெக்டிகட் மாகாணத்தின் குவின்னிபியாக் பல்கலைக்கழகம் 2009-ல் பெண்கள் வாலிபால் அணியைக் கலைக்க முடிவெடுத்தது. வீராங்கனைகள் நீதிமன்றம் போனார்கள். சீசனின் முதல் போட்டிக்கு முன்பு ஆண்கள் பட்டியலில் சிலரை நீக்கி, பிறகு மீண்டும் சேர்த்ததும், பெண்கள் பட்டியலில் இதற்கு நேர்மாறாகச் செய்ததும் விசாரணையில் தெரியவந்தது. வாலிபாலுக்குப் பதிலாகக் கொண்டுவந்த சியர்லீடிங் இன்னும் முழுமையான விளையாட்டாக வளரவில்லை என்று 2010-ல் தீர்ப்பு வந்தது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 2012-ல் அதை உறுதிசெய்தது.

அதாவது பெயரளவில் ஆள் சேர்த்தால் போதாது. விளையாட உண்மையான வாய்ப்பு இருக்க வேண்டும். 12 பேர் ஆட வேண்டிய அணியில் 30 பேரைச் சேர்த்தால், மீதிப் பேர் பெஞ்சில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

புதிய உச்சவரம்பால் பெண்களுக்கு லாபமா, நஷ்டமா?

இரண்டும் உண்டு. ஃபுட்பால் அணி சிறிதானால் பெண்களின் பங்கு சதவிகிதம் உயரும். ஆனால் உச்சவரம்பு பெண்கள் அணிகளுக்கும் இருக்கிறது. அங்கேயும் வாக்-ஆன் வீராங்கனைகள் வெளியேற்றப்படுகிறார்கள். பெரிய பெண்கள் அணிகளை வைத்து கணக்கைச் சமாளித்த கல்லூரிகள், இனி புதிய அணியைத் தொடங்க வேண்டி வரலாம்.

பணப் பக்கமும் இருக்கிறது. விளையாட்டு உதவித்தொகையும் விளையாடுபவர்களின் விகிதப்படி பிரிக்கப்பட வேண்டும். ஃபுட்பாலில் கூடுதலாக 20 பேருக்கு உதவித்தொகை கொடுத்தால், பெண்கள் பக்கமும் உயர்த்தியாக வேண்டும். ஆனால் புதிய நேரடிப் பணத்துக்கு இந்த விதி பொருந்துமா? பொருந்தும் என்று 2025 ஜனவரியில் பைடன் அரசு சொன்னது. அடுத்த மாதமே டிரம்ப் அரசு அதைத் திரும்பப் பெற்றது. இழப்பீட்டில் பெரும்பகுதி ஃபுட்பால், ஆண்கள் கூடைப்பந்து வீரர்களுக்கே போவதை எதிர்த்து வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடும் செய்தனர்.

நீக்கப்பட்டவர்களின் நிலை என்ன?

சமரசம் முடிவாகும் முன்பே பல கல்லூரிகள் ஆட்களைக் குறைத்துவிட்டன. இதை ஏற்காத நீதிபதி வில்கன், 2025 ஏப்ரலில் ஒப்புதலைத் தள்ளிவைத்தார். அதன்பிறகு, இப்படி இடம் இழந்தவர்கள் உச்சவரம்பில் எண்ணப்பட மாட்டார்கள் என்று விலக்கு அளிக்கப்பட்டது. வேறு கல்லூரிக்குப் போனாலும் இந்தச் சலுகை தொடரும். ஆனால் அவர்களைத் திரும்பச் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கல்லூரிக்கு இல்லை.

இந்த விலக்கு பெற்றவர்கள் படிப்பை முடித்துப் போன பிறகு, 105 என்றால் 105தான். இனி பள்ளி முடித்து வரும் மாணவனோ மாணவியோ, உதவித்தொகை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வாய்ப்பு கொடுங்கள் என்று கேட்டால், அதற்கான இடம் முன்பைவிடக் குறைவாகவே இருக்கும்.