ஷேக்ஸ்பியரும் ஆங்கிலப் பாடமும்

கல்கத்தாவில் கல்லூரித் தெருவின் பழைய புத்தகக் கடைகளைக் கடந்து செல்லும் தமிழன்பர்கள் பிரசிடென்சி கலாசாலையின் வாயிலைக் கண்டிருப்பர். 1817ஆம் ஆண்டில் தொடங்கிய இந்துக் கல்லூரியின் வழித்தோன்றல் அது. வங்காளத்துச் செல்வர்கள் தம் மைந்தர்க்கு ஆங்கிலமும் மேனாட்டுக் கல்வியும் அளிக்கக் கருதிப் பொருள் திரட்டி அதனை நிறுவினர். மெக்காலே தமது புகழ்பெற்ற குறிப்பை எழுதியதற்குப் பதினெட்டு ஆண்டு முந்திய செய்தி இது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாத அம்மாணவர்களுக்கு ஷேக்ஸ்பியரும் மில்டனுமே மொழிப் பாடமாயினர். அங்கே ஆசிரியராயிருந்த டி. எல். ரிச்சர்ட்சன் படைத்துறையிலிருந்து வந்தவர், தாமே கவிஞர். நாடகங்களை அவர் படித்துக் காட்டும் திறம் பெரும் புகழ் பெற்றிருந்தது. மாணவர் கற்பதற்கென ஆங்கிலக் கவிதைகளைத் தொகுத்து 1840இல் ஒரு பெருநூலும் வெளியிட்டார்.

அவர்பால் பயின்றவர்களுள் ஒருவர் மைக்கேல் மதுசூதன தத்தர். ஆங்கிலக் கவியாகவே விளங்க விழைந்த அவர், 1848இல் சென்னைக்கு வந்து ஆசிரியப் பணி புரிந்தார். தமது ஆங்கிலக் காவியத்தை மறு ஆண்டு அங்கேயே அச்சிட்டார். அதனைக் கண்ட பெத்தூன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, தாய்மொழியில் எழுதுமாறு அறிவுறுத்தினார். 1861இல் வெளிவந்த 'மேகநாதவத காவியம்' இராவணன் மைந்தனைத் தலைவனாகக் கொண்டது. மில்டனைப் பின்பற்றி, இயைபு நீங்கிய யாப்பில் அமைந்தது. ஆங்கில இலக்கிய வகுப்பின் பெரும்பயனை வங்கமொழி பெற்றது வியப்பன்றோ!

ஆனால், மதுசூதனர் ஆயிரத்தில் ஒருவர். ஏனையோர் நிலை என்ன? 1844இல் ஹார்டிஞ்சு பிரபு ஆங்கிலம் கற்றோர்க்கு அரசாங்க உத்தியோகங்களில் முன்னுரிமை வழங்கினார். அதன்பின் கவிதை தேர்வுக்குரிய பண்டமாயிற்று. உரைக்குறிப்பை உருப்போட்டவனும் தேறினான்.

இந்நிலையை ஆராய்ந்தவர், டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரித் தலைவராயிருந்த மைக்கேல் வெஸ்ட். இன்ஷூரன்சு பாலிசியைப் பாதியில் விட்டவனுக்கும் ஒரு தொகை திரும்பக் கிடைக்கிறது. இரண்டாண்டு ஆங்கிலம் படித்துப் பள்ளியை விட்ட சிறுவனுக்குக் கிடைப்பது யாது? 1926இல் வெளியான தம் நூலில் அவர் எழுப்பிய வினா இதுவே. வங்கச் சிறுவனுக்கு முதற்கண் வேண்டியது தானே படித்துப் பொருள் உணரும் ஆற்றல் என்பது அவர் முடிவு.

அதற்காக அவர் இலக்கியத்தைக் கைவிட்டார் அல்லர். வழக்கொழிந்த சொற்களைக் களைந்தார்: 'எர்' என்பதன் இடத்தில் 'பிபோர்' வந்தது, 'ஐல்' போய் 'ஐலண்டு' நின்றது. புதிய சொற்கள் ஒரே பக்கத்தில் குவியாதவாறு இடைவிட்டுப் பரப்பினார். ராபின்சன் குரூசோவின் கதை முதலியன இவ்வாறு சுருங்கிய சொற்களில் மாணவர் கைக்கு வந்தன. செய்யுளின் ஓசை இம்முறையில் தங்காது என்பது மெய்தான். ஆயினும், கதையின் முடிவை அறியும் ஆவலால் பக்கத்தைப் புரட்டும் சிறுவன், பொருள் அறியாமல் ஹாம்லெட்டின் தனிமொழியை ஒப்பிப்பவனைவிட மொழிக்கு நெருங்கியவன் என்றே யான் கருதுகிறேன்.

வெஸ்டின் சொல்லாராய்ச்சி வங்காளத்தோடு நிற்கவில்லை. ஏறத்தாழ 2000 அடிப்படைச் சொற்கள் கொண்ட பட்டியலாக 1953இல் அது வெளிவந்தது. ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் நாடுகளில் பாடநூல் எழுதுவோர் நெடுங்காலம் அதனையே அளவுகோலாகக் கொண்டனர்.