பாதைகள் ஏன் பலவாயின? – தரீக்காக்கள் குறித்துச் சில குறிப்புகள்

எமது அரசியல் எழுத்துகளில் இலங்கை முஸ்லிம்கள் ஒரே முகமுடைய கூட்டமாகவே வந்து போகிறார்கள். ஒரே பள்ளிவாசலில், ஒரே வரிசையில் தொழுபவர்கள்கூட வெவ்வேறு ஆன்மீக வழிகளைச் சார்ந்திருக்கக்கூடும் என்பதை நாம் கவனத்திற் கொள்வதில்லை. அவ்வழிகளே தரீக்காக்கள். ஒன்று போதாமற் பல ஏன் தோன்றின என்ற கேள்வி சமய ஆர்வலருக்கு மட்டும் உரியதல்ல.

தரீக்காக்கள் பெரும்பாலும் ஆசான்களின் பெயரால் அறியப்படுபவை. 1166இல் பக்தாதில் மறைந்த அப்துல் காதிர் ஜீலானியின் வழி காதிரிய்யா; 1258இல் எகிப்தில் மறைந்த அபுல் ஹஸன் ஷாதுலியின் வழி ஷாதுலிய்யா; 1389இல் புகாராவில் மறைந்த பஹாவுத்தீன் நக்ஷபந்தின் வழி நக்ஷபந்திய்யா. ஐவேளைத் தொழுகையும் நோன்பும் எல்லோருக்கும் பொது. மனதைப் பயிற்றும் முறையே வேறு.

திக்ரு எனப்படும் இறைநினைவை எடுத்துக்கொள்வோம். காதிரிகள் அதைக் கூடியிருந்து உரத்துச் சொல்வர். நக்ஷபந்திகள் பெரும்பாலும் மௌனமாக நெஞ்சுக்குள் சொல்வர். கூட்டத்தின் நடுவிலும் தனித்திருக்கப் பழகுவது அவர்களது நெறிகளில் ஒன்று. ஜிஷ்திகளுக்கு இசை ஒரு சாதனம். ஷாதுலி, தன் சீடர்களைத் தொழிலைத் துறக்கும்படி கேட்கவில்லை. காயல்பட்டினத்திலும் கொழும்பிலும் பேருவளையிலும் வணிகர் பலர் அவ்வழியில் இணைந்ததில் வியப்பில்லை. எட்டு மணிநேரம் இயந்திரத்தின் முன் நிற்கும் என்போன்ற தொழிற்சாலைத் தொழிலாளிக்கு நாற்பது நாள் தனிமைத் தவம் சாத்தியமில்லை. உதடசையாத திக்ரு சாத்தியம். ஒருவனின் சுபாவம், தொழில், பலவீனம் ஆகியவற்றைக் கண்டறிந்து பயிற்சியை வகுப்பதே ஷைகின் பணி.

ஆனால் சுபாவத்தை மட்டும் வைத்து இப்பன்மையை விளக்கிவிட முடியாது. பலர் தந்தையின் தரீக்காவிலேயே பிறக்கிறார்கள். வணிகப் பாதைகளும் ஆசான்களின் பயணங்களுமே எந்த ஊருக்கு எந்த வழி என்பதைப் பெரிதும் தீர்மானித்தன. காதிரிய்யாவின் அரூஸிய்யாக் கிளை இலங்கையில் வேரூன்றியதில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிமின் (1816–1898) பங்கு பெரிது. ஷைகின் முன் முரீது தன் விருப்பை முற்றாகக் கைவிட வேண்டும் என்ற கோட்பாடும் விமர்சனத்துக்கு உரியதே. தலைமை வழிபாட்டின் விளைவுகளை எம்மவர் அறிவர். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. பல ஷைகுகள் ஒன்றுக்கு மேற்பட்ட தரீக்காக்களில் அனுமதி பெற்றிருந்தனர். ஒரு வழியில் நிற்பது மற்றதற்குத் துரோகமாகக் கருதப்படவில்லை.

இப்பன்மை யாழ்ப்பாணத்துக்கும் அந்நியமானதல்ல. அங்கு ஆச்சிரமம் அமைத்திருந்த பாவா முகைதீன், 1971இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குச் சென்று, 1986இல் அங்கேயே மறைந்தவர். யாழ்ப்பாணத்தில் அவரைச் சூழ இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். தமிழிலேயே பேசினார், அமெரிக்கச் சீடர்கள் மொழிபெயர்ப்பிற் கேட்டனர். அந்த யாழ்ப்பாணத்திலிருந்துதான் 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினர். யார் எந்த வழியினர் என்று அன்று எவரும் கேட்கவில்லை.

ஒற்றைப் பாதை என்ற பிடிவாதம் தமிழ்த் தேசியத்துக்கு மட்டும் உரியதல்ல. காத்தான்குடியில் 2004இலும் 2006இலும் சூபிகள் தாக்கப்பட்டனர். 2017இல் அங்கு சூபிகளுடன் மோதிய குழுவின் தலைவரே 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களை முன்னின்று நடத்தினார். சக முஸ்லிமின் வழியைச் சகிக்க முடியாதவர்கள் இறுதியில் தேவாலயங்கள்வரை சென்றனர்.

1986இல் சக இயக்கப் போராளிகள் வீதிகளில் கொல்லப்பட்டபோது, விடுதலைக்கு வழி ஒன்றே என்ற வாதம் எம் மத்தியிலும் ஏற்கப்பட்டது. படித்தவர்களிற் பலர் மௌனம் காத்தனர். இலக்கு ஒன்றாக இருந்தும் வழிகள் பலவாக இருக்கலாம் என்பதை, எம் அயலிலேயே தமிழ் பேசி வாழ்ந்த ஒரு மரபு நூற்றாண்டுகளாக நடைமுறையில் வைத்திருந்தது. அதை நாம் ஏன் படிக்கவில்லை என்பதே இங்கு விவாதத்துக்கு முன்வைக்கும் கேள்வி.

– மவுண்ட் ரோஸ்கில், ஓக்லண்ட்