யூக்ளிடின் ஐந்தாம் எடுகோள்

ஒரே தளத்தில் உள்ள இரு நேர்கோடுகளை இருபுறமும் எவ்வளவு நீட்டினாலும் அவை சந்திக்காவிட்டால் அவை இணைகோடுகள். சுமார் கி.மு. 300-இல் அலெக்சாந்திரியாவில் யூக்ளிட் எழுதிய 'எலிமென்ட்ஸ்' நூலின் முதல் பாகத்திலேயே இந்த வரையறை உண்டு.

ஆனால் முடிவில்லாத் தூரம் வரை போய்ப் பார்ப்பது யாராலும் ஆகாது. அதனால் கையெட்டும் இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்றை யூக்ளிட் வகுத்தார். இரு கோடுகளுக்கும் குறுக்கே ஒரு கோடு வரைய வேண்டும். அந்தக் குறுக்குவெட்டியின் ஒரு பக்கத்து உட்கோணங்கள் இரண்டும் சேர்ந்து இரண்டு செங்கோணத்துக்குக் குறைந்தால், கோடுகள் அந்தப் பக்கத்தில் சந்தித்தே தீரும். ஒரு கோணம் 90 பாகை, மற்றது 89 பாகை என்று வைத்துக்கொள்வோம். தாளில் பார்த்தால் இணைகோடுகள் போலவே இருக்கும். 10 செ.மீ. இடைவெளியில் தொடங்கும் அந்தக் கோடுகள் சுமார் 573 செ.மீ. தள்ளிச் சந்தித்துவிடும்.

நிறுவாமலே ஏற்றுக்கொள்ளும் அடிப்படைக் கூற்றுதான் எடுகோள்; யூக்ளிடின் ஐந்து எடுகோள்களில் இதுவே ஐந்தாவது. மற்ற நான்கும் ஒற்றை வரியில் அடங்குபவை. இது மட்டும் ஒரு தேற்றத்தைப் போல நீள்கிறது. யூக்ளிடே முதல் 28 தேற்றங்களை இதன் துணையின்றி நிறுவிவிட்டு, 29-ஆவதில்தான் இதைக் கையாள்கிறார். ஆகவே இதையும் மற்றவற்றிலிருந்து நிறுவிவிடலாம் என்று பலர் நம்பினார்கள். புரோக்ளஸ், உமர் கய்யாம், நசீருத்தீன் தூசி என்று அந்த முயற்சி நூற்றாண்டுகளாகத் தொடர்ந்தது.

1733-இல் இத்தாலியப் பாதிரியார் சக்கேரி எடுகோளைப் பொய்யென்று வைத்துக்கொண்டு முரண்பாட்டைத் தேடினார். முரண்பாடு சிக்கவில்லை, விசித்திரமான புதுத் தேற்றங்கள்தான் வரிசையாக வந்தன. அவை நேர்கோட்டின் இயல்புக்கே ஒவ்வாதவை என்று அவர் தள்ளிவிட்டார். ஒரு புது வடிவியலையே கையில் பிடித்தும் நழுவவிட்டது வருந்தத்தக்கது.

ஹங்கேரியக் கணிதவியலாளர் ஃபார்க்கஷ் போயாய் இந்தச் சிக்கலில் தன் காலத்தை இழந்தவர். இதைத் தொடாதே என்று மகன் யானோஷுக்குக் கடிதத்தில் மன்றாடினார். மகன் கேட்கவில்லை. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக ஒன்றல்ல, பல இணைகோடுகள் செல்லும் வடிவியலை அவர் கட்டினார். 1832-இல் தந்தையின் நூலுக்கே பிற்சேர்க்கையாக அது வெளிவந்தது. ரஷ்யாவின் கசானில் லோபசெவ்ஸ்கி 1829-லேயே அதே முடிவை வெளியிட்டிருந்தார்.

1868-இல் பெல்ட்ராமி, புது வடிவியலில் முரண்பாடு இருந்தால் யூக்ளிடின் வடிவியலிலும் அது இருந்தாக வேண்டும் என்று காட்டினார். ஐந்தாம் எடுகோளை மற்ற நான்கிலிருந்து நிறுவ இயலாது என்பது இதனால் உறுதியானது. அதைத் தேற்றமாக்க முயலாமல் எடுகோளாகவே வைத்த யூக்ளிட் செய்ததே சரி.