சவ்வில் நிலைத்த மின்னேற்றம்

1890ஆம் ஆண்டில், ஜெர்மனியின் லைப்ஸிக் நகரில் ரஸாயனப் பேராசிரியராக விளங்கிய வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், சில அயனிகளுக்கு வழிவிட்டுச் சிலவற்றைத் தடுத்துவிடும் சவ்வு ஒன்று இரு கரைசல்களுக்கு நடுவே நிற்குமானால் அதன் இருபுறங்களுக்கும் இடையே மின்னழுத்த பேதம் தோன்றியே தீரும் என்று எழுதியதோடு, நரம்பிலும் தசையிலும் காணும் மின்சாரத்துக்கும் இதுவே மூலமாகலாம் என்று ஊகித்தார். சவ்வை அவர் ஒருவகைச் சல்லடையாகவே கருதினார். நுழைய முடிந்த அயனி நுழையும். பருத்தது வெளியே நிற்கும். 1911இல் லிவர்பூலில் இருந்த டொன்னான், சவ்வைக் கடக்க இயலாத அயனி ஒருபுறம் இருந்தால் மற்ற அயனிகள் இருபுறமும் சமமின்றிப் பங்கிடப்படுவதையும், அதிலிருந்து அழுத்தம் பிறப்பதையும் கணிதத்தால் நிரூபித்தார்.

ஆயினும் இந்தச் சரித்திரத்தில் நான் மிகவும் மதிக்கும் அத்தியாயம் ஜப்பானில் எழுதப்பட்டது. பெர்லினில் தம் தகுதிக்கேற்ற பதவி கிட்டாத லியோனர் மிக்கேலிஸ், 1922இல் நகோயா நகரத்து வைத்தியக் கல்லூரிக்குச் சென்று, அங்கே கொலோடியன் என்னும் எளிய பொருளைக் கையில் எடுத்தார். நைட்ரோசெல்லுலோஸை ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த திரவம் அது. காயத்தின்மேல் பூசுவதற்கும் புகைப்படத் தகடுகளுக்கும் பயன்பட்டது. அதை மெல்லிய ஏடாக வார்த்து, நன்றாக உலரவிட்டு, இருபுறமும் பொட்டாசியம் குளோரைடு கரைசலை, ஒன்று மற்றதைப்போல் பத்து மடங்கு செறிவுடையதாக நிரப்பினார். இந்த உப்பைத் தேர்ந்ததில்தான் சூட்சுமம் இருக்கிறது. இதன் இரண்டு அயனிகளும் நீரில் ஏறக்குறைய ஒரே வேகத்தில் செல்வதால், கரைசல்கள் நேரே கலந்தால் அழுத்தம் பெயரளவுக்கே தோன்றும். உலர்ந்த ஏடு குறுக்கே நின்றதும், நீர்த்த கரைசலின் பக்கம் நேர்மின்னாக, ஐம்பது மில்லிவோல்ட்டை எட்டும் அழுத்தம் காணப்பட்டது. குளோரைடு அறவே புகாத சவ்வுக்குச் சித்தாந்தம் விதிக்கும் உச்சவரம்பே அறுபதுக்குக் குறைவுதான். குறுகிய துவாரங்களில் எதிர்மின் அயனிகளின் சலனம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது என்பது மிக்கேலிஸின் விளக்கம்.

விளக்கம் முழுமையானதன்று. 1935இல் ஸ்வீடன் தேசத்து டியோரெலும், மறு ஆண்டில் ஜினீவாவின் மையரும் ஸீவர்ஸும் தனித்தனியே வந்து சேர்ந்த முடிவு வேறு: சவ்வின் சரீரத்திலேயே எதிர்மின்னேற்றங்கள் அசையாமல் பதிந்திருக்கின்றன, அவை தம் இனத்தை விலக்கி நேர்மின் அயனிகளை மட்டும் அனுமதிக்கின்றன. நீர்த்த கரைசலில் செவ்வனே தேர்ந்தெடுக்கும் அதே சவ்வு, செறிந்த கரைசலில், வெளியிலுள்ள அயனிகளின் தொகை பதிந்த மின்னேற்றங்களை மிஞ்சும்போது, தன் பாகுபாட்டை இழந்துவிடுவது ஏன் என்பதும் இதனால் தெளிவாயிற்று. அமெரிக்காவில் கார்ல் ஸால்னரும் சகாக்களும் 1940களில் கொலோடியனைச் சுத்திகரித்துப் பார்த்தபோது அதன் மின்குணம் மங்கிவிட்டது, ஆக்ஸிஜனேற்றியபோது ஓங்கியது. இத்தனை காலம் விஞ்ஞானிகளை வியக்கவைத்தது, பண்டத்தில் அற்பமாகக் கலந்திருந்த அமிலத்தன்மையுள்ள அசுத்தமே! துவாரத்தின் அளவைவிட மின்னேற்றமே பிரதானம் என்ற கருத்துக்கு இதைவிட நேரான சாட்சியம் வேண்டியதில்லை.

மின்னேற்றம் இவ்வளவு சொற்பமான கொலோடியன், மின்சாரத்துக்குப் பெருந்தடையாக இருந்தது. நிறைந்த மின்னேற்றமுள்ள பொருளோ வேறொரு துறையில் தயாராகிக்கொண்டிருந்தது. 1935இல் இங்கிலாந்தில் ஆடம்ஸும் ஹோம்ஸும் அயனிகளை மாற்றிக்கொள்ளும் செயற்கைப் பிசின்களை ஆக்கினர். 1940இல் மையரும் ஸ்ட்ராஸும், நேர்மின் அயனிக்கு வழிவிடும் சவ்வையும் எதிர்மின் அயனிக்கு வழிவிடும் சவ்வையும் மாற்றி மாற்றி அடுக்கி மின்சாரம் பாய்ச்சினால், ஓர் அறை விட்டு ஓர் அறையில் உப்பு குறைந்துவரும் என்று காட்டினர். 1950இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் ஜூடாவும் மக்ரேயும் அந்தப் பிசினையே ஏடாக்கினார்கள். உவர் கிணறுகளால் அவதியுற்று, குடிநீரை ரயில் தொட்டிகளில் தருவித்துக்கொண்டிருந்த கலிபோர்னியாவின் கோலிங்கா என்னும் சிற்றூர், பத்தாண்டுக்குள்ளாகவே அத்தகைய சவ்வடுக்கு ஒன்றை நிறுவித் தன் கிணற்று நீரையே குடிக்கத் தொடங்கியது.