பேட்டரி வயரைக் கழற்றினால் கியர்பாக்ஸ் மறந்துவிடுமா?

அமெரிக்காவில் பழைய பிக்கப் டிரக் வைத்திருப்பவர்களிடையே ஒரு கைவைத்தியம் ரொம்ப நாளாக உண்டு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் அடம்பிடிக்கிறதா? கியர் மாறும்போது வண்டி உதைக்கிறதா? பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, அரை மணி நேரம் கழித்துத் திரும்ப மாட்டினால் போதும், கியர்பாக்ஸை ஆளும் கம்ப்யூட்டர் பழசையெல்லாம் மறந்துவிடும் என்பார்கள்.

இந்த வைத்தியம் ஒரு காலத்தில் நிஜமாகவே பலித்தது. பிறகு வந்த பல வண்டிகளில் பலிக்கவில்லை. ஆனாலும் வைத்தியம் மட்டும் போகவில்லை! இடையில் என்ன நடந்தது என்று பார்த்தால், ஒரு வண்டியைச் சரிசெய்யும் அதிகாரம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கதை அதற்குள் இருக்கிறது.

ஆரம்பத்தில் கம்ப்யூட்டரே கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைல் கார்களில் 'ஹைட்ரா-மேட்டிக்' என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைக் கொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தின் எம்5 டாங்கியிலும் இதுதான் ஓடியது. (இரண்டு காடிலாக் என்ஜின், ஆளுக்கொரு ஹைட்ரா-மேட்டிக்.) பிக்கப் டிரக்குகளுக்கு இந்த வசதி கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. ஃபோர்டு 1953-இலும் செவர்லே 1954-இலும் கொடுத்தன. மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு எதற்கு இந்தச் சொகுசு என்ற எண்ணம் அப்போது இருந்திருக்கலாம்.

அந்தக் கியர்பாக்ஸ்களின் மூளை, 'வால்வ் பாடி' எனப்படும் ஒரு உலோகக் கட்டி. அதற்குள் புதிர்ப்பாதை மாதிரி நிறைய வாய்க்கால்கள், ஸ்பிரிங் வைத்த குட்டி குட்டி வால்வுகள். வண்டியின் வேகம் கூடினால் ஒரு பக்கம் எண்ணெய் அழுத்தம் கூடும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் எதிர்ப்பக்கம் அழுத்தம் கூடும். வேகத்தின் அழுத்தம் ஜெயித்தால் வால்வு நகர்ந்து மேல் கியர் விழும். அதாவது கணக்குப் போட்டது எண்ணெய்தான். மின்சாரத்துக்கு அங்கே பெரிய வேலையில்லை.

இப்படிப்பட்ட பெட்டிக்கு 'ரீசெட்' என்றால் என்ன? ஒரு ஸ்பேனர்தான். 1966-இல் வந்த ஃபோர்டின் சி6 கியர்பாக்ஸை எடுத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரு டிரம்மைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் பட்டை ஒன்று உண்டு. அது தேயத் தேய கியர் மாறுவது மந்தமாகும். மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்து, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் பூட்டு நட்டைத் தளர்த்தி, திருகை 10 அடி-பவுண்டு அளவுக்கு இறுக்கி, அங்கிருந்து சரியாக ஒன்றரைச் சுற்று பின்னால் திருப்பி, நட்டை மறுபடி பூட்டுவார். அவ்வளவுதான். கையேடு இருந்தால் விவசாயியே தன் கொட்டகையில் வைத்துச் செய்துகொள்ளலாம். தேய்மானத்தை ஈடுகட்டும் வேலை முழுக்க மனிதன் கையில் இருந்தது.

1989 இதை மாற்றிய வருஷம். சி6-இன் வாரிசாக இ4ஓடி என்ற நான்கு வேக கியர்பாக்ஸை ஃபோர்டு தன் டிரக்குகளில் போட்டது. எந்த கியர் எப்போது என்பதை இனி கம்ப்யூட்டர் சொல்லும். பெட்ரோல் வண்டிகளில் என்ஜினைக் கவனித்த கம்ப்யூட்டரே இதையும் கவனித்துக்கொண்டது. ஆனால் அன்றைய 7.3 லிட்டர் டீசல் என்ஜின் முழுக்க இயந்திர முறையில் எண்ணெய் பீய்ச்சுவது, அதற்குக் கம்ப்யூட்டர் தேவையே இல்லை. எனவே கியர்பாக்ஸுக்கென்றே தனியாக ஒரு கம்ப்யூட்டர் வைக்க வேண்டியதாயிற்று. டிரான்ஸ்மிஷன் கண்ட்ரோல் மாட்யூல் என்று இன்று சொல்கிறார்களே, அதன் வேலையை மட்டுமே செய்த பெட்டி அது.

அதே 1989-இல் கிறைஸ்லர் இன்னொரு படி மேலே போனது. அதன் ஏ604 கியர்பாக்ஸ் (இது கார்களுக்கும் மினிவேன்களுக்கும் வந்தது, டிரக்குக்கு அல்ல) தானே கற்றுக்கொள்ளும். உள்ளே வரும் தண்டின் வேகம், வெளியே போகும் தண்டின் வேகம் இரண்டையும் சென்சார்கள் அளக்கும். ஒரு கிளட்ச் பிடிக்க எவ்வளவு எண்ணெய் தேவைப்பட்டது என்பதைக் கம்ப்யூட்டர் கணக்கிட்டு வைத்துக்கொள்ளும். கிளட்ச் தேய்ந்து இடைவெளி கூடினால், அடுத்த முறை அதற்கேற்ப எண்ணெயைக் கூட்டி அனுப்பும். மெக்கானிக்கின் அந்த ஒன்றரைச் சுற்று வேலையை ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது சத்தமில்லாமல் செய்தது. யோசனை அருமை. ஆனால் முதல் சில வருஷங்களில் ஏ604 பழுதுக்குப் பேர் போனது. தவறான எண்ணெயை ஊற்றியதால் கெட்டவையும் நிறைய.

கற்றதை எங்கே வைத்திருக்கும்? விஷயமே இங்கேதான் இருக்கிறது. அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களில் பேட்டரி மின்சாரம் இருக்கும் வரை மட்டுமே நிற்கும் ஒரு நினைவகம் இருந்தது. ஃபோர்டு அதை 'கீப் அலைவ் மெமரி' என்றது, உயிரோடு வைத்திருக்க வேண்டிய நினைவு. வயரைக் கழற்றினால் உயிர் போய்விடும். கைவைத்தியத்தின் பிறப்பிடம் இதுதான். ஃபோர்டின் வாகனக் கையேடுகளே இதைச் சொல்லியிருக்கின்றன: பேட்டரியைக் கழற்றி மாட்டினால் கியர்பாக்ஸ் மறுபடி கற்க வேண்டும், அதுவரை கியர் கொஞ்சம் அழுத்தமாக விழலாம், பயப்பட வேண்டாம் என்று.

ஆனால் இதில் ஒரு பொறி இருக்கிறது. கிளட்ச் நிஜமாகவே தேய்ந்திருந்தால், மறக்கடிப்பதால் அது வளராது. கம்ப்யூட்டர் பல ஆயிரம் மைல் ஓடிச் சேர்த்த ஈடுகட்டும் கணக்குதான் போகும். வண்டி முன்பைவிட மோசமாக ஓடலாம். அல்லது சில நாள் நன்றாக ஓடி, பழைய கணக்கைத் திரும்பக் கற்றதும் பழையபடி உதைக்கலாம். பழைய வண்டிகளில் சேமித்து வைத்த கோளாறு எண்களும் சேர்ந்தே அழியும், பின்னால் பார்க்கும் மெக்கானிக்குக் கையில் துப்பு இருக்காது. 1996 மாடலிலிருந்து அமெரிக்காவில் கார்களுக்கும் சிறு டிரக்குகளுக்கும் ஓபிடி-2 கட்டாயமானபோது இன்னொரு தொல்லை சேர்ந்தது. நினைவை அழித்துவிட்டு நேரே புகைப் பரிசோதனைக்குப் போனால், சுயசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று கம்ப்யூட்டரே காட்டிக்கொடுத்துவிடும்.

பிறகு மின்சாரம் போனாலும் அழியாத நினைவகங்கள் வந்தன. 2001-இல் செவர்லே சில்வராடோவின் கனரக மாடல்களில் வந்த ஆலிசன் 1000 கியர்பாக்ஸை மீண்டும் வேகமாகக் கற்கும் நிலைக்குக் கொண்டுபோக, டெக் 2 போன்ற கருவியைச் செருக வேண்டும். ஜெனரல் மோட்டார்ஸின் ஆறு வேக 6எல்80-இல் கம்ப்யூட்டரே கியர்பாக்ஸின் எண்ணெய்க்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஃபோர்டின் சில ஆறு வேகப் பெட்டிகளில் சோலனாய்டு தொகுதியை மாற்றினால், அதற்குரிய எண்ணைக் கம்ப்யூட்டருக்கு ஊட்டியாக வேண்டும். ஸ்பேனரை வைத்துக்கொண்டு இங்கே என்ன செய்ய முடியும்?

கருவி யாரிடம், மென்பொருள் யாருடையது என்பது இப்போது சட்டத்தின் கேள்வியாயிற்று. 1998-இல் வந்த டிஜிட்டல் காப்புரிமைச் சட்டம், மென்பொருளின் பூட்டை உடைப்பதைக் குற்றமாக்கியிருந்தது. சொந்த டிரக்கின் கம்ப்யூட்டரைப் பழுதுபார்க்கக் கிளறுவதும் அதில் அடங்குமோ என்ற பயம் இருந்தது. வாகன உரிமையாளர்களுக்கும் டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகளுக்கும் 2015-இல்தான் விலக்கு கிடைத்தது, அதுவும் ஒரு வருஷம் கழித்தே அமலுக்கு வந்தது. இதற்கிடையே மாசசூசெட்ஸ் மாநில மக்கள் 2012-இல் வாக்களித்து, டீலர்களுக்குக் கிடைக்கும் பழுதுபார்க்கும் தகவல் வெளியே உள்ள மெக்கானிக்குகளுக்கும் கிடைக்க வேண்டும் என்றார்கள். 2014-இல் கார் நிறுவனங்கள் நாடு முழுவதற்கும் அதை ஒப்பந்தமாக ஏற்றன.

அதற்குள் வண்டிகள் வயரே இல்லாமல் நிறுவனத்தோடு பேசத் தொடங்கிவிட்டன. 2020-இல் அதே மாநில மக்கள் திரும்பவும் வாக்களித்து, காற்றில் போகும் அந்தத் தகவலும் உரிமையாளருக்கு வேண்டும் என்றார்கள். நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 2023 ஜூனில்தான் மாநிலம் அந்தச் சட்டத்தை அமலாக்கத் தொடங்கியது.