தெளிந்த நீரும் எஞ்சும் சேறும்: கணபதி முலாம் பட்டறைகளை முன்வைத்து

கோவை கணபதியில் பம்ப், மோட்டார், உதிரிபாகத் தொழிலை ஒட்டியே முலாம் பூசும் சிறு பட்டறைகளும் பெருகின. துத்தநாகம், நிக்கல், குரோமியம் கலந்து அவற்றிலிருந்து வெளியேறும் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் பாலிமர் சேர்க்கிறார்கள். அதன் பயனைத் தொட்டியின் மேலே நிற்கும் தெளிந்த நீரைக் கொண்டே மதிப்பிடுகிறோம். அடியில் எஞ்சும் சேற்றைக் கொண்டு மதிப்பிடுவதே சரி என்பது இக்கட்டுரையின் வாதம்.

குரோமியக் கழிவுநீரில் முதலில் அமிலம் விட்டு, காரகாடித்தன்மையை 2 முதல் 3 வரை இறக்கி, சோடியம் மெட்டாபைசல்பைட் சேர்த்து, ஆறு இணைதிறன் குரோமியத்தை மூன்றாக்குகிறார்கள். பிறகு காரம் சேர்த்து 8, 9 வரை உயர்த்தினால் உலோகம் ஹைட்ராக்சைடாகப் படியும். அத்துகள்கள் மிக நுண்ணியவை. தாமாக அடங்குவதற்கு நெடுநேரம் ஆகும். பாலிஅக்ரிலமைடு என்ற பாலிமரின் நீண்ட சங்கிலி பல துகள்களைப் பற்றித் திரளாக்குகிறது. கலக்கி அதிவேகமாகச் சுழன்றால் திரள் உடையும்; அளவு மிஞ்சினால் சேறு பிசுபிசுத்து வடிதுணியை அடைக்கும். காரத்தின் தேர்வும் முக்கியம். சுண்ணாம்பு சேற்றின் எடையைக் கூட்டும், ஆனால் பிழிய எளிது. காஸ்டிக் சோடாவில் சேறு குறையும், ஆனால் கொழகொழவென்று நீரைப் பிடித்துக்கொள்ளும்.

100 டன் சேற்றில் 2 விழுக்காடு திடப்பொருள் என்று கொள்வோம். அதை 20 விழுக்காடு வரை பிழிந்தால் எஞ்சுவது 10 டன். அதில் 8 டன் வெறும் நீர். 35 விழுக்காட்டுக்குப் பிழிந்தால் 6 டன்னுக்கும் குறைவு. இச்சேறு அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டி நிலநிரப்பு மையத்துக்கு லாரியில் ஏற்றினால், ஐந்நூறு கிலோமீட்டருக்கு அந்த நீருக்கும் சேர்த்தே வாடகை கொடுக்கிறோம்.

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணம் இதே சிக்கலைப் பேரளவில் சந்தித்தது. எண்ணெய் மணலிலிருந்து பிற்றுமன் பிரித்தபின் எஞ்சும் களிமண் குழம்பு, சில ஆண்டுகளில் 30 விழுக்காட்டுத் திடத்தை எட்டியதும், பல பத்தாண்டுகள் அப்படியே தேங்கிவிடுகிறது. அங்கும் பாலிஅக்ரிலமைடு சேர்த்து மெல்லிய அடுக்குகளாகப் பரப்பி உலர்த்தினார்கள். 2009இல் வந்த 074ஆம் ஆணை, படிவு ஓராண்டுக்குள் 5 கிலோபாஸ்கல் உறுதி பெற வேண்டும் என்றது. நிறுவனங்கள் அந்த இலக்கை எட்டவில்லை. 2015இல் ஆணை கைவிடப்பட்டது. இலக்கு தவறியதால் அளவுகோல் தவறாகிவிடாது. எஞ்சும் பொருளின் நிலையைச் சட்டம் அளக்க முற்பட்டதே பெரிய முன்னேற்றம் என்று கருதுகிறேன்.

நம் பக்கத்தில் கவனம் முழுதும் நீரின் மீதே குவிந்தது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டபின், திருப்பூர் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் பூஜ்ய வெளியேற்றத்தை நோக்கி நகர்ந்தன. அது அரிய சாதனை. ஆனால் நீரிலிருந்து விலக்கிய அனைத்தும் சேறாகவும் உப்பாகவும் குவிகின்றன.

கணபதியின் சிறு பட்டறைக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு தராசும் 105 பாகை சூட்டடுப்பும் போதும். பிழிந்த சேற்றின் திட விழுக்காட்டை ஒரே நாளில் அறியலாம். ஒவ்வொரு லோடுடனும் அந்த எண்ணைப் பதிய வேண்டும் என்பதைத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இசைவாணையின் நிபந்தனையாக்க வேண்டும்.