நான் சிக்னல்ஸ்

இரும்பை என்ற ஊர்ப்பேரில் இரும்பைத் தேடுகிறவர்கள் உண்டு. இலுப்பைக்குப் பழைய பேர் இருப்பை. அதன் வழி வந்த பேர் என்பதே எனக்குப் பொருந்துகிறது. இரும்பை இருக்கும் இந்த வானூர்ப் பக்கத்தில், பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் வாயில் வரும், அதேபோல் தவறாகப் புரியக்கூடிய இன்னொரு பேர் உண்டு: "நான் சிக்னல்ஸ்." ரயில் கைகாட்டியும் அல்ல, முச்சந்தி விளக்கும் அல்ல. எந்த சிக்னல்?

லத்தீனில் 'சிக்னும்' என்றால் அடையாளம். ரோமப் படை முன்னே தூக்கிப்போன கொடிக்கம்புக்கும் அதுவே பேர். ஆக, சொல்லுக்குப் பட்டாளத்து உறவு பழையது. ஈழத் தமிழர் இதைச் 'சமிக்ஞை' என்பார்கள். நாமோ கருவியைப் பார்த்துப் பேர் வைத்தோம். வீணை நரம்பைக் குறித்த 'தந்தி' செய்திக்கு ஆகிவந்தது. கம்பி போன பிறகும் விடாமல் 'கம்பியில்லாத் தந்தி' என்றோம்.

இந்தியப் படையில் தந்தி வேலை முதலில் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற பொறியாளர் படையின் கையில் இருந்தது. 1911 பிப்ரவரி 15 அன்று பதேகரில், லெப்டினன்ட் கர்னல் பவல் தலைமையில், படையின் செய்தித்தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸ் தனிப்பிரிவானது. அதற்குள்ளே ஏகப்பட்ட தொழில்கள்: லைன்மேன், டெஸ்பாட்ச் ரைடர், ஆபரேட்டர், மெக்கானிக். 'ஆபரேட்டர் ரேடியோ அண்ட் லைன்' என்ற பேரைப் பாருங்கள். நடுவில் நிற்கும் 'அண்ட்', இரண்டு தொழிலை ஒருவர் தலையில் கட்டிய முடிச்சு.

அந்த 'லைன்' லேசான வேலை அல்ல. களக் கம்பியில் செம்பிழையோடு எஃகிழையும் சேர்த்து முறுக்கியிருக்கும்; பேச்சைக் கடத்தச் செம்பு, இழுப்பைத் தாங்க எஃகு. அறுந்தால், சோடியாகப் போகும் இரண்டு கம்பியையும் ஒரே இடத்தில் முடியக் கூடாது. முன்பின்னாக வெட்டி, முடிச்சுப் போட்டு, சுற்றி, நாடா ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் முடிச்சும் முடிச்சும் உரசி லைன் செத்துவிடும். இருட்டில், மழையில், விரல் விறைத்த நேரத்திலும் இது வர வேண்டும். வகுப்பில் ஒருமுறை செய்து பார்த்தால் வராது.

இப்படித் தொழில்களை ஒன்றாகச் சேர்ப்பதில் கனடா துணிந்து இறங்கியது. 2011இல் சிக்னல் ஆபரேட்டர், லைன்மேன், கருவி பழுதுபார்ப்பவர் மூவரையும் ஒரே நீளப் பேருக்குள் அடைத்தது, சுருக்கமாக 'ஏ.சி.ஐ.எஸ்.எஸ்.' எல்லாருக்கும் முதலில் பொதுப்பயிற்சி, தனித்தொழில் அப்புறம். எல்லாம் கணினி வலையாகிவிட்டதே என்ற நியாயம் இருந்தது. ஆளை எங்கும் மாற்றிப் போடவும் வசதி. ஆனால் கம்பமேறப் போகிறவனும் கருவி பிரிக்கப் போகிறவனும் முதல் வருஷங்களை ஆபரேட்டர் பாடத்தில் கழித்தால், கைப்பழக்கம் எப்போது வரும்? பிறகு அங்கே தொழில்களை மறுபடி பிரித்தார்கள். லைன் டெக்னீஷியன் தனியாகத் திரும்பிவிட்டார்.

கருவிகள் ஒன்றானால் பேரும் ஒன்றாகட்டும், சரி. பேரை ஒன்றாக்கிவிட்டுப் பயிற்சி நாளை மிச்சம் பிடிப்பது மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இங்கே குறுகிய காலச் சேவைக்குச் சேரும் அக்னிவீரருக்குப் பயிற்சியும் சேர்த்து நாலே வருஷம். அந்தக் கணக்கில் இந்தக் கேள்வி இன்னும் இறுகுகிறது.

உங்கள் வீட்டில் சிக்னல்ஸ் பெரியவர் யாராவது இருந்தால் அவருடைய டிஸ்சார்ஜ் புக்கை வாங்கிப் பாருங்கள். அதில் 'டிரேடு' என்ற இடத்தில் இருக்கும் பேரையும், அந்தப் பேருக்கு அவர் செய்த வேலையையும் கேட்டு எழுதி வையுங்கள். நம் அகராதிகளில் அவை ஏறவில்லை.